புளி போடாமல் பளபளத்த குடங்கள்

கிணறுகளுக்கு மார்க் போடும் வேலை எனக்கு எழுபதுகளின் நடுவில் கிடைத்தது. காரைக்குடியில் கெமிஸ்ட்ரி படித்து முடித்துவிட்டு, அடுத்தது கல்யாணம்தான் என்று வீடு முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த சமயம். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் தற்காலிகமாக ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் மனுப் போட்டேன். வேலை கிடைத்த பிறகுதான் வீட்டில் சொன்னேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு குடை வாங்கி வந்து கொடுத்தார்.

வேலை இதுதான். கண்டரமாணிக்கத்திலிருந்து பஸ்ஸில் போய் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு கருங்கல் மலை வரும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் இதையா மலை என்கிறீர்கள் என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்துக்கு அது மலைதான். அதைச் சுற்றி ஏழெட்டுக் கிராமங்கள். ஊர்ப் பெயர்களை எழுத மாட்டேன், காரணம் போகப் போகத் தெரியும். அந்தக் கிராமங்களில் குடிக்கத் தண்ணீர் எடுக்கும் கிணறுகள் அத்தனையையும் பார்த்து, தண்ணீரைச் சோதித்து, வரைபடத்தில் குறிக்க வேண்டும். நல்ல தண்ணீருக்குப் பச்சை வட்டம், ஆகாத தண்ணீருக்குச் சிவப்பு வட்டம். பச்சை வட்டங்களில் எது முதல் தரமோ அதன் பக்கத்தில் மேல்நிலைத் தொட்டி கட்டி, எல்லா ஊருக்கும் குழாயில் தண்ணீர் விடுவார்கள்.

சோதனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூடி போட்ட மருந்துப் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து, அதில் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நாலைந்து சொட்டிலேயே நுரை கட்டினால் மென்மையான தண்ணீர், நல்லது. எத்தனை சொட்டு விட்டாலும் நுரைக்காமல் திரிந்த பால் மாதிரி மிதந்தால் கடினத் தண்ணீர், ஆகாது. ஊர் ஊராகப் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டு திரிந்ததில் எனக்கு ‘நுரை டீச்சர்’ என்று பெயர் விழுந்துவிட்டது. நான் டீச்சரே இல்லை. படித்த பெண்ணைக் கூப்பிட அவர்களிடம் வேறு சொல் இல்லை, அவ்வளவுதான்.

ஆபீஸில் கொடுத்த படிவத்தில் நிறம், உப்பு, நுரை என்று கட்டங்கள் இருந்தன. கடைசிக் கட்டம், தண்ணீர் அமிலமா காரமா என்று எழுதுவதற்கு. அதற்கு லிட்மஸ் தாள் வேண்டும். நீலத் தாள் நனைந்து சிவந்தால் அமிலம், சிவப்புத் தாள் நீலமானால் காரம், இரண்டும் நிறம் மாறாவிட்டால் நடுநிலை. பள்ளிக்கூடத்துப் பாடம். தாள் எங்கே என்று ஓவர்சியரைக் கேட்டேன். நல்ல மனிதர், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சிரித்தார்.

“அதெல்லாம் பேட்டரி ஆசிட்டுக்குப் பாக்குறதும்மா. கிணத்துத் தண்ணி எங்கயாச்சும் புளிக்குமா? நடுநிலைன்னு போட்டுட்டு மத்ததைப் பாருங்க.”

நானும் சிரித்தேன். முதல் கிணற்றுக்கு நேரே ‘நடுநிலை’ என்று எழுதினேன். அதன் கீழே எல்லாக் கிணறுகளுக்கும் ‘மேற்படி’ என்று போட்டுக்கொண்டே வந்தேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வீட்டில் என் டிரங்குப் பெட்டிக்குள் கல்லூரியில் மிஞ்சிய லிட்மஸ் தாள் ஒரு கட்டே கிடந்தது. அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போக எனக்குத் தோன்றவில்லை. சோம்பல் என்றுகூடச் சொல்ல முடியாது. அது தேவையே இல்லை என்று மனசார நம்பினேன்.

அந்தக் கிராமங்களில் ஒன்றில்தான் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது. கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்துப் பிறந்த ஆண் பிள்ளைக்கு அப்போது நாலு மாதம். அக்காவுக்குப் பால் போதவில்லை. டப்பாவில் வரும் பால் மாவைத் தண்ணீரில் கலக்கித்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஊரில் இரண்டு கிணறு. ஒன்று வீடுகளுக்கு நடுவில் இருக்கும் ஊர்க் கிணறு. அங்கே பூமியைத் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் வரும், சுண்ணாம்பு காய்ச்சுகிற கல். அதனால் தண்ணீர் ஒரே கடினம். பருப்பு வேகாது, தலைக்குக் குளித்தால் முடி சிக்குப் பிடிக்கும், அடுப்பில் வைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். இன்னொன்று அரை மைல் தள்ளி மலையடிக் கிணறு. மலையில் பெய்யும் மழை பாறையில் வழிந்து, செம்மண்ணுக்குள் இறங்கி, அந்தக் கிணற்றில் ஊறும். பெண்கள் ஊர்க் கிணற்றைத் திட்டிக்கொண்டே அரை மைல் நடந்து மலையடித் தண்ணீரைச் சுமந்து வருவார்கள். பிள்ளை பெற்ற வீடு என்பதால் அக்கா வீட்டில் மட்டும் யாராலும் போக முடியவில்லை, ஊர்க் கிணற்றோடு ஓட்டினார்கள்.

வைகாசி மாதம் அந்த மலையடிக் கிணற்றில் பாட்டிலைக் குலுக்கினேன். மூன்றாவது சொட்டில் நுரை பாட்டில் கழுத்து வரை ஏறி, அப்படியே நின்றது. சுற்றி நின்ற பெண்களுக்கு ஒரே பெருமை.

“டீச்சர், இந்தத் தண்ணியோட விசேசம் உங்களுக்குத் தெரியுமா?” என்றாள் ஒருத்தி. “போன வருச மழைக்குப் பிறகு எங்களுக்குப் புளிச் செலவே இல்லை. குடத்துக்குள்ள பாருங்க.”

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீராகச் செப்புக்குடம் கொடுப்பார்கள். செம்பு இரண்டு நாளில் கறுத்துப் போகும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புளியும் சாம்பலும் போட்டுக் கை கடுக்கத் தேய்த்தால்தான் மருமகளுக்கு மானம். அந்தக் குடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். கடையிலிருந்து அன்றுதான் வாங்கி வந்தது மாதிரி, உள்ளே ரோஜா நிறத்தில் மின்னியது. யாரும் தேய்க்கவில்லை. தண்ணீரே தேய்த்திருந்தது. அங்கே நின்ற அத்தனை பேரும் தங்கள் குடத்தைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார்கள். கெமிஸ்ட்ரி படித்த நான் அதைப் பார்த்து என்ன செய்தேன் தெரியுமா? ஆச்சரியப்பட்டேன்.

“இந்தச் சுத்து வட்டாரத்துலயே இதுதான் முதல் தரம்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். “பச்சைப் பிள்ளைக்குக்கூடக் கொடுக்கலாம்.”

வரைபடத்தில் அந்தக் கிணற்றுக்கு மட்டும் பச்சை வட்டத்தை இரண்டு சுற்றுப் போட்டேன்.

அதே கையோடு அக்கா வீட்டுக்குப் போனேன். ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பால் கலக்கிக்கொண்டிருந்தாள். “இந்தச் சுண்ணாம்புத் தண்ணியவா பிள்ளைக்குக் கொடுக்கிற? இது வயித்துக்கு ஆகுமா?” என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அக்காவின் மாமியார் என்னைவிட ஆர்வமாக இருந்தார்.

“படிச்ச பிள்ளை சொல்லுது, கேளு. நாளையிலருந்து அந்த மலையடித் தண்ணியே கொண்டாரச் சொல்லுவோம்.”

அத்தான் வேலை முடிந்து வரும் வழியில்தான் அந்தக் கிணறு இருந்தது. மறுநாளிலிருந்து சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டிக் கொண்டுவர ஆரம்பித்தார். அந்தத் தண்ணீரை ராத்திரி முழுக்க அக்காவின் சீர்க் குடத்தில் வைத்து, காலையில் சின்னச் செம்புச் சட்டியில் காய்ச்சி, பால் மாவு கலக்கிப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அக்கா வீட்டுக் குடமும் பளபளத்தது.

அத்தான் எங்கே வேலை பார்த்தார் என்று சொல்ல வேண்டும். மலையை ஒட்டி ஒரு சின்னப் பட்டறை வந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கந்தகத்தை எரித்து ஆசிட் காய்ச்சுவார்கள். தீபாவளிக்கு மறுநாள் தெருவில் வருமே ஒரு நெடி, அது வருஷம் முழுக்க அங்கே இருக்கும். புகை மலையில் முட்டிக்கொண்டு அங்கேயே சுற்றும். பட்டறைக்குப் பக்கத்தில் இருந்த முருங்கை மரங்கள் இலை கருகி நின்றன. இருமல் வருகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்த வானம் பார்த்த பூமியில் மாதம் பிறந்தால் சம்பளம் தருகிற இடம் அது ஒன்றுதான், அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் பட்டறை வாசலைப் பல தடவை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்திருக்கிறேன். அந்தப் புகை மேலே போய் என்ன ஆகும், மழை வந்தால் எதோடு சேர்ந்து இறங்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எங்கள் பாடப் புத்தகத்தில் கந்தகப் புகை தண்ணீரில் கரைந்தால் அமிலம் என்று இருந்தது. அது பரீட்சைக்கு எழுதுவது என்று நினைத்திருந்தேன்.

வரைபடத்தை ஆவணியில் ஆபீஸில் கொடுத்தேன். ஓவர்சியர் மிகவும் பாராட்டினார். மலையடிக் கிணற்றுக்குப் பக்கத்தில் தொட்டி கட்ட எழுதிவிட்டார்கள்.

ஐப்பசியில் நல்ல மழை. கார்த்திகையில் அக்கா பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. பால் கொடுத்தால் வாந்தி எடுக்கிறான், தூக்கினாலும் அழுகிறான், இறக்கினாலும் அழுகிறான் என்றார்கள். மாந்தம் என்று கைவைத்தியம் நடந்தது. மார்கழி ஆரம்பத்தில் நான் போய்ப் பார்த்தேன். கை கால் குச்சியாக இருந்தது, வயிறு மட்டும் உப்பிக்கொண்டு மினுமினுத்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை. அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு முனகினான்.

“கட்டிங்கிறாகடி” என்றாள் அக்கா. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பிள்ளை வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஈரக்குலை நடுங்கும். ஈரல் கல்லாக இறுகி, வயிறு வீங்கிப் பிள்ளைகள் போய்விடும். எதனால் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. “நாளைக்குக் காரைக்குடி டாக்டரம்மாகிட்டக் கொண்டு போறோம். நீயும் கூட வாடி.”

சரி என்று சொல்லிவிட்டுக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். கொடியில் பிள்ளையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்த துணிகள். அத்தனையும் இலேசான பச்சை நிறத்தில் இருந்தன.

“என்னக்கா, சேலைச் சாயம் பட்டுருச்சா?”

“சாயமா? இல்லையே. பிள்ளைத் துணிங்கிறதால குடத்துல மிஞ்சுன தண்ணியிலதான் தனியா அலசுறேன். சோப்புப் போட்டா இப்படித்தான் பச்சை பூக்குது, போகவே மாட்டேங்குது.”

ஒரு துணியை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அந்தப் பச்சையை நான் கல்லூரி லேபில் எத்தனையோ தடவை சோதனைக் குழாயில் பார்த்திருக்கிறேன். செம்பு கரைந்தால் வரும் நிறம் அது. குடம் ஏன் பளபளக்கிறது என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது. தேய்ந்த செம்பு எங்கே போனது என்றும் தெரிந்தது.

எங்கள் பெண்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. புளிக்குழம்பையோ மோரையோ செம்பிலும் பித்தளையிலும் வைத்தால் களிம்பு ஏறும், அது விஷம் என்று சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். அதற்காகத்தான் சமைக்கிற பாத்திரத்துக்கெல்லாம் ஈயம் பூசுவார்கள். ஈயம் போன பாத்திரத்தில் ரசம் வைத்த மருமகள் அன்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வாள். தண்ணீர்க் குடத்துக்கும் வெந்நீர்ச் சட்டிக்கும் மட்டும் யாரும் ஈயம் பூசுவதில்லை. தண்ணீர் புளிக்காதே, பிறகு எதற்கு? அவ்வளவு கவனமாக இருந்தவர்கள் கோட்டை விட்ட இடம் அது ஒன்றுதான். அவர்களுக்கு அதை எடுத்துச் சொல்வதற்கென்றே சம்பளம் கொடுத்து அனுப்பப்பட்டவள் நான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பிள்ளையைக் காரைக்குடிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்து, ஈரல் வீங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்றார். நான் தண்ணீரையும் குடத்தையும் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இதனாலதான்னு எனக்கு நிச்சயமாச் சொல்லத் தெரியலை. இந்த மாதிரிப் பிள்ளைக நிறைய வருது, காரணம் பிடிபட மாட்டேங்குது. ஆனா அந்தத் தண்ணியையும் அந்தப் பாத்திரத்தையும் நிறுத்துங்க. இன்னைக்கே.”

நேராக எங்கள் வீட்டுக்கு ஓடி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து லிட்மஸ் தாளை எடுத்தேன். பிற்பகல் பஸ்ஸில் திரும்பிப் போய் மலையடிக் கிணற்றில் இறைத்து நீலத் தாளை நனைத்தேன். நனைத்த வேகத்தில் சிவந்தது. இன்னொன்று நனைத்தேன், அதுவும் சிவந்தது. தாள் பழையதாக இருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு ஊர்க் கிணற்றுக்கு ஓடினேன். அங்கே நீலம் நீலமாகவே இருந்தது. சிவப்புத் தாள்கூட இலேசாக நீலம் பூத்தது. நான் சுண்ணாம்புத் தண்ணீர் என்று வைத தண்ணீர் அது. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பேய் பிடித்தது மாதிரி பார்த்தார்கள்.

அக்கா வீட்டுக் குடத்துத் தண்ணீரைக் கல்லூரிக்குக் கொண்டுபோய், என் பழைய புரொபசரிடம் கெஞ்சி லேபில் வைத்துப் பார்த்தேன். எனாமல் சட்டியில் அதைச் சுண்டக் காய்ச்சி, அடியில் மிஞ்சியதில் அம்மோனியாவை விட்டோம். பேனா மையைக் கொட்டியது மாதிரி நீலம். புரொபசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இதை யாரு குடிச்சா?” என்று கேட்டார்.

அக்காவிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னேன். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பிள்ளையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு, “நீதானடி சொன்ன” என்றாள். என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். அத்தான் நின்ற இடத்திலேயே தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் சைக்கிள் மிதித்து அதைக் கொண்டுவந்தவர் அவர். புகை வந்த பட்டறையில் கந்தகம் அள்ளியவரும் அவர்தான்.

அடுத்து ஆபீஸுக்கு ஓடினேன். தொட்டி கட்டக் கல்லும் மணலும் போய் இறங்கிவிட்டிருந்தன. அதில் தண்ணீர் ஏறினால் ஏழெட்டு ஊர்ப் பிள்ளைகளும் இதைத்தான் குடிக்கும். ஓவர்சியரிடம் நிறுத்துங்கள் என்றேன். அவர் ஃபைலைப் புரட்டி என் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார். நடுநிலை, மேற்படி, மேற்படி, மேற்படி. முத்து முத்தாக.

“எழுதுனது நீங்கம்மா” என்றார். குரலில் கோபமில்லை, பயம் இருந்தது. எழுதச் சொன்னவர் அவர் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். “இப்ப வாயில சொன்னா மேல கேக்க மாட்டாக. மறுபடி எல்லாக் கிணறையும் பாத்து, புதுசா ஒரு படம் போட்டுக் குடுங்க. நான் எப்படியாச்சும் தை கடைசி வரைக்கும் கொத்தனாரை இழுத்துப் பிடிக்கிறேன்.”

எனவே தை மாதம் முழுக்க மறுபடியும் நடந்தேன். கையில் இருந்த லிட்மஸ் தாள் எல்லாக் கிணறுக்கும் காணாது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் தாளைவிட நல்ல சாட்சி உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வீடு போய் இரண்டே கேள்வி கேட்டேன். எந்தக் கிணத்துத் தண்ணி எடுக்கிறீக? குடத்தை எத்தனை நாளைக்கு ஒருதரம் புளி போட்டுத் தேய்க்கிறீக? நுரை டீச்சருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் பெண்கள் பதில் சொன்னார்கள். குடம் தேய்க்கிற கணக்கில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள், அத்தனை கைவலி அதில் இருக்கிறது.

பதில்களை வரைபடத்தில் குறிக்கக் குறிக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மலையை ஒட்டிய வீடுகள் எல்லாம் ‘தேய்க்கிறதே இல்லை’. கொஞ்சம் தள்ளிச் செம்மண் பூமியில் ‘மாசம் ஒருக்க’. சுக்கான் கல் பூமியில் ‘வாரத்துக்கு ரெண்டு தடவை, போதும் போதும்னு ஆகுது’. யாரோ கோடு கிழித்து வைத்தது மாதிரி ஊர்கள் பிரிந்தன. மழை எல்லா ஊரிலும் ஒன்றாகத்தான் பெய்தது. சுக்கான் கல்லில் இறங்கிய மழையின் புளிப்பை அந்தக் கல்லே தின்றுவிட்டது. கருங்கல்லுக்கும் செம்மண்ணுக்கும் அந்தச் சக்தி இல்லை. வானத்திலிருந்து வந்ததை அப்படியே கிணற்றுக்குக் கொடுத்துவிட்டன. நான் பச்சை போட்ட கிணறுகள் அத்தனையும் இப்போது சிவப்பு, சிவப்பு போட்டதெல்லாம் பச்சை. பெண்கள் திட்டித் தீர்த்த தண்ணீர்தான் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. முதல் படத்தைத் தலைகீழாகப் போட்டுக் கொடுத்த முட்டாள் நான் ஒருத்திதான்.

அந்தப் படம் வேலை செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியைச் சுக்கான் பூமிக்கு மாற்றினார்கள். பருப்பு வேகவில்லை என்று ரொம்ப வருஷம் என்னைத் திட்டினார்கள், சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். பட்டறை வேறு ஏதோ தகராறில் இழுத்து மூடப்பட்டது. அக்கா பிள்ளை சித்திரையில் தவழ ஆரம்பித்தான், வயிறு மெல்ல மெல்ல வற்றியது. பிழைத்துவிட்டான். அக்காவும் ஒரு நாள் என்னோடு பழையபடி பேச ஆரம்பித்தாள்.

ஆனால் தை மாதச் சுற்றில் ஒரு வீடு இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதை எழுதி முடிக்க எனக்கு உரிமை இல்லை.

மலையடிக் கிணற்றுக்கு மேலே பாறையை ஒட்டி நாலைந்து குடிசைகள் இருந்தன. கடைசிக் குடிசைக்கு நான் போனபோது உச்சி வெயில். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தவள் எழுந்து, “வாங்க டீச்சர்” என்று உள்ளே கூப்பிட்டுக் கோணிச் சாக்கை விரித்தாள். என் கேள்வியைக் கேட்டேன்.

“குடத்தைத் தேய்ச்சு ஒரு வருசம் இருக்கும் டீச்சர். எதுக்குக் கேக்குறீக?”

எல்லா வீட்டிலும் சொன்னதை அங்கேயும் சொன்னேன். தண்ணீர் புளித்துவிட்டது, செம்பைக் கரைக்கிறது, பெரியவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது, பச்சைப் பிள்ளைகளுக்கு ஈரலைப் பிடிக்கும், கொடுக்காதீர்கள் என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். நான் முடித்த பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

“எம்பிள்ளை ஐப்பசிக் கடைசியில போயிருச்சு டீச்சர். பொம்பளைப் பிள்ளை. வயிறு வீங்கி, கட்டின்னாக. எனக்கும் பால் இல்லை, மாவுப்பால்தான். நான் முதல்ல பிள்ளைக்கு மட்டும் ஊருணித் தண்ணிதான் கொடுத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்குக் கிணத்தடியில நீங்க எல்லாருக்கும் சொன்னீகள்ல, பச்சைப் பிள்ளைக்குக்கூடக் கொடுக்கலாம்னு. நானும் அங்குட்டுத்தான் நின்னேன். அதுக்குப் பிறகுதான் மாத்துனேன்.”

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“அப்ப எம்பிள்ளை கட்டியில போகலையா?”

“இல்லை இல்லை, கட்டிதான்” என்றேன். அவ்வளவு வேகமாக என் வாயிலிருந்து பொய் வந்ததில்லை. “அது வேற. கட்டி எல்லா ஊர்லயும்தான் வருது. டாக்டரம்மாவே சொன்னாக. தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.”

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். அதைக் கேட்டதும் எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. “நான்கூட ஒரு நிமிசம் பதறிட்டேன்” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “பேசிக்கிட்டே இருந்துட்டேன் பாருங்க. வெயில்ல வந்திருக்கீக. முதல்ல தண்ணி குடிங்க.”

மூலையில் இருந்த குடத்தைச் சாய்த்து ஒரு செம்பு நிறைய ஊற்றி, என்னிடம் நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, காலையிலிருந்து ஒரு சொட்டுக் குடித்திருக்கவில்லை. ஒரு வாய் குடித்திருக்கலாம். ஒரு செம்புத் தண்ணீரில் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அது எனக்கு நன்றாகத் தெரியும். செம்பை உதடு வரை கொண்டுபோனேன். கை அதற்கு மேல் வரவில்லை. கீழே வைத்துவிட்டேன்.

“குடிக்கலையா டீச்சர்?”

“தாகமில்லை” என்றேன். என் ரவிக்கை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

அவள் செம்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து, மடியில் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை.